பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்

என் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போர்வையைப் பற்றி எழுதலாம், அந்தப் பெயரை மட்டும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அது நாங்கள் வீட்டுக்குள் அவளைக் கூப்பிடும் செல்லப் பெயர்.

கைக்குழந்தையாக இருந்தபோது அவள் லேசில் தூங்கமாட்டாள். எங்கள் மலையில், கரடியூர் பக்கம், மழைக்காலத்தில் எதையும் வெளியே காயப்போட முடியாது. அவள் நனைத்த போர்வைகள் அடுப்படியில் கொடி கொடியாகத் தொங்கும். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அவற்றுக்கு நடுவே நடப்பேன். அப்படி நடக்கும்போது என் வாயில் வந்ததுதான் அந்தத் தாலாட்டு.

நனைச்சது நீயா பனியா,
காயாத போர்வையைக் கேளு

என்று வரும். அதற்கு முன்னால் அவள் பெயர். மெட்டும் நானே இழுத்ததுதான். அதைப் பாட்டு என்று நான் நினைத்ததே இல்லை. பிள்ளையைத் தூங்கவைக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

என் கணவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். வீட்டை ஒட்டி இரண்டு அறைகள் கட்டி, சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். ஒரு மழைக்காலத்தில் சென்னையிலிருந்து ஒரு பெண் கிடாரோடு வந்து ஒரு வாரம் தங்கினாள். அப்போது என் தங்கை கைக்குழந்தையோடு எங்கள் வீட்டில் இருந்தாள். அந்தக் குழந்தைக்கு நான் பழைய பாட்டையே, என் மகளின் பெயரோடேயே, பாடிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று கேட்ட சென்னைப் பெண், "அக்கா, இன்னொரு தடவை பாடறீங்களா? ஞாபகத்துக்கு வச்சுக்கறேன்" என்று போனை நீட்டினாள். பாடினேன். ஊருக்குப் போகும்போது என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

மறு வருடம் மகள் எட்டாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் பையைக் கழற்றாமலேயே கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தலையணைக்குள்ளிருந்தே சொன்னாள்.

"பஸ்ல எல்லாரும் அந்தப் பாட்டப் பாடறாங்கம்மா. என்ற பேரச் சொல்லி. பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு அந்தப் பேரு தெரியுமில்ல, அவ சொல்லிட்டா. போர்வையக் காயப்போட்டியான்னு கேக்கறாங்க."

போனில் தேடினோம். கிடார் ஒலிக்கிறது. முதல் இரண்டு வரி என் குரல், பிறகு அந்தப் பெண்ணின் குரல். நன்றாகத்தான் பாடியிருந்தாள். கீழே 'சேர்வராயன் மலை நாட்டுப்பாடல்' என்று போட்டிருந்தது. யார் யாரோ அதை ஓடவிட்டுத் தங்கள் குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டும் வீடியோக்களும் இருந்தன. எனக்கு ஒரு பக்கம் கூச்சமாகவும் இன்னொரு பக்கம், சொன்னால் என்ன, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் பெருமை அடங்கிவிட்டது.

என் கணவருக்குக் கோபம். யார் பாட்டு என்று ஊருக்குக் காட்டுகிறேன் என்று, மகள் தொட்டிலில் கிடக்க நான் பாடும் பழைய வீடியோ ஒன்றைத் தேடியெடுத்து ஏற்றிவிட்டார். சற்று நேரத்தில் ஒரு செய்தி வந்தது. இந்தப் பாடலின் உரிமை வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம், ஆகவே ஒலி நீக்கப்பட்டது. வீடியோவில் நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ கட்டுன பாட்ட நீயே திருடிட்டயாமா" என்றார் அவர். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாத குரல்.

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, அதுல என்ற மூஞ்சி இருக்குது. அந்தக்காவும் என்னக் கேக்கல. நீங்களும் கேக்கல."

அவர் உடனே வீடியோவை எடுத்துவிட்டார். பிறகு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "தப்புத்தான் சாமி" என்றார்.

சேலத்தில் வக்கீலாக இருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஆபீஸ்ல போய் உரிமையப் பதிவு பண்ணியிருக்கோணும்னு இல்ல அம்மிணி. நீ கட்டுன வரி கட்டுன அன்னிக்கே உன்னோடதுதான். நாட்டுப்பாட்டுன்னு போட்டதால யாரோடதும் இல்லாத மாதிரி ஆயிருச்சு. ஆனா அவங்க பாடி எடுத்தத முதல்ல ஏத்திட்டாங்கல்ல, பாட்டச் சோதிக்கற மிசினு அதைத்தான் அசல்னு நெனைக்குது" என்றார். "பாப்பா பேரு விசயம் வேற. அது அந்தரங்கம். அதுக்குப் புதுச் சட்டமெல்லாம் வருது, எதுவரைக்கும் செல்லும்னு இன்னும் பேசிட்டுத்தான் இருக்காங்க. நோட்டீஸ் அனுப்பட்டுமா?"

பாதிக்கப்பட்டது என் மகள். அவளிடம் கேட்டேன். "முதல்ல அந்தக்காகிட்டப் பேசலாம்மா" என்றாள்.

மறுநாள் காலை நானே கூப்பிட்டேன். முதலில் அந்தப் பெண் மகிழ்ச்சியாக, "அக்கா, கேட்டீங்களா பாட்டை?" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"தலைமுறை தலைமுறையா பாடற பாட்டுன்னு நினைச்சுட்டேன்க்கா. அந்தப் பேரும் சும்மா கொஞ்சறதுக்குச் சொல்றதுன்னு..." அழுகிறாள் என்று தெரிந்தது.

மகள் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அக்கா, பாட்டு இருக்கட்டும்ங்க. நல்லாத்தான் பாடியிருக்கறீங்க. என்ற பேர மட்டும் எடுத்துருங்க. அந்தப் போர்வை வரியும் வேண்டாம்."

"அது ரெண்டையும் எடுத்துட்டா பாட்டு நடுவுல நிக்குமே கண்ணா."

"வேற வரி தர்றேன், இருங்க."

இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள். குளிக்கும்போதுகூட முணுமுணுப்பு கேட்டது. பிறகு போனில் பாடியே காட்டினாள்.

தூங்காத மலைக்கெல்லாம்
பனிதானே போர்வை

நான் அடுப்படியில் நின்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. அந்தப் பெண் சம்மதித்தாலும், அவள் பாட்டை வெளியிட்ட நிறுவனம் அசையவில்லை. அண்ணன் ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. கடைசியில் பழைய பதிவு போய்ப் புதியது வந்தது. எழுதியவர்கள் யார் என்று போட வேண்டும் என்று கேட்டார்கள். 'ஒரு அம்மாவும் மகளும்' என்று போடச் சொன்னாள் மகள். அப்படியே போட்டார்கள்.

ஆனால் ஏற்கெனவே எடுத்து வைத்துக்கொண்டவர்களிடம் பழையது இருக்கத்தான் செய்கிறது. அதை யாராலும் முழுவதும் திரும்ப வாங்க முடியாது என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார்.

போன மாதம் ஏரிப் பக்கம் போயிருந்தோம். மிளகாய் பஜ்ஜி போடுகிறவர் எண்ணெயில் கரண்டியை ஓட்டிக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடினார். பழைய வரி, பழைய பெயர். மகளின் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பப் பார்த்தேன். அவள் நகரவில்லை.

"ஏனுங்கண்ணா, அது பழசுங்க. வரிய மாத்தியாச்சு, தெரியாதுங்களா?" என்றாள்.

"அப்படியா கண்ணு? புதுசு எப்படி வருது?"

சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு அவருக்குப் பாடிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "இது நொம்ப நல்லாருக்குது" என்று பஜ்ஜியை இலையில் வைத்து நீட்டினார்.