தலை குனிந்து சாப்பிடுகிற குடும்பம்

"அவங்க வீட்டுல எல்லாரும் தலை குனிஞ்சுதான் சாப்பிடுவாங்க. சாப்பிடும்போது பேச்சே கிடையாது. அவ்வளவு ஒழுக்கம்." தையல்காரியின் கல்யாணத் தரகர் அவிழ்த்துவிட்ட முதல் பெருமை இதுதான். அவளுடைய அம்மாவும் அப்பாவும் மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசப் போனபோது, சாத்திய கதவுக்குப் பின்னால் யாரோ விடாமல் இருமினார்கள். "அப்பாவுக்குச் சளி, படுத்திருக்கார்" என்றாள் மாப்பிள்ளையின் அக்கா. பாவம், நல்ல மனிதர்கள். நம்பிவிட்டு வந்தார்கள்.

தையல்காரி கெட்டிக்காரி. ஆள் கடைக்குள் நுழையும்போதே, நாடாவைத் தொடாமல் இடுப்பளவு சொல்லிவிடுவாள். பழைய துணியைப் பிரித்துத் திருத்துவதில் அந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவள் ஒரு குடும்பத்தை அளப்பதில் கோட்டை விட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவர்களிடம் அகப்பட்டால் யார்தான் என்ன செய்ய முடியும்?

கல்யாணமான கொஞ்ச நாளில் மாமனார் போய்ச் சேர்ந்தார். குடித்துக் குடித்தே செத்தார் என்றது தெரு. வீட்டாரும் ஆமாம் போட்டார்கள். குடிகாரன் வீடு என்றால் பெண் கிடைக்கும். பரம்பரை வியாதி என்றால் ஒரு நாய்கூட எட்டிப் பார்க்காது. ஒரு மகள் பிறந்து வளர்ந்த பிறகு அவள் புருஷனுக்கே நடை தள்ளாட ஆரம்பித்தது. வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு சொட்டுக் குடிக்காதவனைக் குடித்துவிட்டு வருகிறான் என்று வேலையைவிட்டுத் தூக்கினார்கள். அவன் வாயே திறக்கவில்லை. சாப்பிட்டால் இருமல், தண்ணீர் குடித்தால் புரையேற்றம், அடிக்கடி காய்ச்சல். இளைத்துக்கொண்டே போனவனின் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தைத்துத் தைத்து அவளுக்கு அலுத்துப் போனது.

ஆஸ்பத்திரியில் விழுங்கப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி அவன் கையில் தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கவனித்தாள். "தாடைய நெஞ்சோட ஒட்டி வெச்சுக் குடிக்கிறீங்களே. யார் சொல்லிக் குடுத்தா?"

"எங்க... வீட்ல... எல்லாரும்... இப்படித்தான்."

அந்தப் பெண் டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். இது தலைமுறை தலைமுறையாக வருகிற மூளை நரம்பு வியாதி. தொண்டைக்கு விழுங்குகிற வேலை மறந்துகொண்டே போகும், தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். தலையைக் குனிந்தால் சிலருக்குக் கொஞ்சம் தடுக்கும். தண்ணீரைக் கூழ் மாதிரி கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். பெற்ற பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி.

கூட வந்திருந்த தையல்காரிக்கு எல்லாம் விளங்கியது. வியாதிக்காரன் உயிர் பிழைக்கக் கண்டுபிடித்த வழியை ஒழுக்கம் என்று பெயர் வைத்து வளர்த்திருக்கிறார்கள். அவளும்தான் மகள் மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தாள், "தலையக் குனிஞ்சு சாப்பிடுடி" என்று.

நேரே, அன்று சளி என்று சொன்ன நாத்தனாரிடம் போய் நின்றாள். "உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்றாங்க. நாங்க ஒண்ணே ஒண்ணுதான் சொன்னோம்."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. மகளிடமும் அவள் சொல்லவில்லை. அப்பாவுக்கு நரம்புத் தளர்ச்சி என்று பூசி மெழுகிவிட்டாள். நாத்தனாரை வாய்க்கு வாய் சபித்தவள், அதே பூசணிக்காயைத் தானும் மறைத்தாள்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கிற மகளுக்கு நாத்தனாரே ஒரு வரன் கொண்டுவந்தாள். நல்ல இடம். பையன் வீட்டார் வருகிற அன்று தம்பியை உள்ளறையில் உட்காரவைத்து, கெட்டித் தண்ணீர்க் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள். தையல்காரியைத் தனியாக இழுத்து, "நீ வாயக் குடுத்து உன் பொண்ணு வாழ்க்கையக் கெடுத்துடாத" என்றாள். தையல்காரி தலையாட்டினாள்.

வந்தவர்கள் தேநீர் குடித்தார்கள். மகளும் உட்கார்ந்து குடித்தாள், பழக்கம்போலத் தலையைக் குனிந்து. பையனின் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பொண்ணு எவ்வளவு அடக்கம், நிமிரவே மாட்டேங்கறாளே."

தையல்காரி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. உள்ளறைக் கதவுதான் திறந்தது.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். மேசைமேல் இருந்த சாதாரணத் தண்ணீரை எடுத்தான். இத்தனை வருஷமாகக் குனிந்த தலையை நிமிர்த்தி, மடமடவென்று வாயில் ஊற்றிக்கொண்டான். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் பீறிட்டது. முகம் கறுத்தது. தையல்காரி ஓடிப்போய்த் தாங்கினாள். அப்போதும் நாத்தனார் விடவில்லை. "சளி, ரெண்டு நாளா" என்றாள்.

மூச்சு திரும்பியதும் அவன் சொன்னான். "சளி... இல்ல. எங்கப்பாவும்... இதுலதான்... போனார். என் பிள்ளைக்கும்... வரலாம்."

வந்தவர்கள் நாசூக்காகக் கிளம்பினார்கள். நாத்தனாரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஈரச் சட்டையோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவனின் முதுகைத் தையல்காரி தடவிக் கொடுத்தாள். அவள் சொல்லாமல் விட்டதை அவன் சொல்லிவிட்டான். ஆனாலும் அவளுக்கு நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"இந்தத் தண்ணிய உங்கப்பா குடிச்சிருக்கணும்" என்றாள். "எங்கம்மாவும் அப்பாவும் உங்க வீட்டுக்குப் பேச வந்தாங்களே, அன்னைக்கு. நான் தப்பிச்சிருப்பேன்."

மகள் மேசையில் சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நானுந்தாம்மா" என்றாள்.