ஐந்தாம் எண்ணைச் சுற்றிய வட்டம்

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள் முன்னால் இருந்தோம்.

எங்கள் மர்பி டவுன் கால்பந்து அணியில் என் தம்பி பேக், தடுப்பாட்டக்காரன். சட்டை எண் ஐந்து. அந்தத் தொடரில் எங்கள் அணி ஒரு கோல்கூட வாங்காமல் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. ஓர் அரசு அலுவலக அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். எடுத்தால் நிரந்தர வேலை. தம்பி வைட்ஃபீல்டில் ஒப்பந்த அடிப்படையில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். வயது வரம்புக்கு அந்த ஆண்டுதான் கடைசி.

காலையில் அவனிடம் நான்தான் சொன்னேன்: "தடுத்தவன் பேரை எவன்டா எழுதுறான்? ஒரு கோல் போடு, போதும்." நான் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் பார்ப்பவன். கோல் அடித்தவர்களின் பெயரை மட்டுமே அச்சுக்கு அனுப்பிப் பழகியவன்.

எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. தம்பி நான் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு எதிரணியின் கோலை நோக்கி ஓடினான்.

"ஏய் அஞ்சு! வாட்ச்மேன் கேட்டை விட்டுட்டு எங்கடா போற?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தம்பியின் தலைக்கு மேலே போன பந்தை எதிரணியின் கோல்கீப்பர் பிடித்து ஓங்கி உதைத்தார். தம்பி நிற்க வேண்டிய இடத்தில் வெறும் செம்மண். அவர்களுடைய ஃபார்வர்ட் தனியாக ஓடி வந்து கோல் போட்டார். டைபிரேக்கரில் தோற்றோம்.

தேர்வாளர் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். யாரையாவது எடுத்தீர்களா என்று கேட்டேன்.

"கோல் போடுறவங்க எங்க டீம்ல ஜாஸ்தி இருக்காங்க சார். ஆனா கப்பு வரல. பேக் தேடித்தான் வந்தேன்."

மடியிலிருந்த ஆட்டக்காரர் பட்டியலைக் காட்டினார். ஒரே ஓர் எண்ணைச் சுற்றி வட்டம்: ஐந்து. அதன் குறுக்கே புதிதாக ஒரு கோடு.

"பூரா மேட்ச் சூப்பரா நின்னான். கடைசில எதுக்கு சார் முன்னால போனான்? யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க."

கையிலிருந்த பேனா மூடியைத் திறந்து மூடினேன். மறுபடி திறந்தேன். அந்தக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

வண்டியில் திரும்பும்போது பின்னால் இருந்து தம்பி கேட்டான்: "அந்தாளு யாரையாச்சும் எடுத்தாராண்ணா?"

"இல்லடா."

"தலையில பட்டிருந்தா கோலுதாண்ணா. ஒரு இஞ்சுல போச்சு. நீ சொன்னது கரெக்ட்டுதான்."

அன்றைய செய்தியை நானே எழுதினேன். நான்கு வரி. கோல் அடித்த இருவரின் பெயர்களும் அதில் இருந்தன. வட்டத்தைப் பற்றி அவனிடம் இன்னும் சொல்லவில்லை.