சேறு காலி இடமல்ல

ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தை வகை பிரித்து வரைபடம் போடுவது அவள் வேலை. அலையாத்தி மரங்கள் எங்கே, உப்புப்புல் எங்கே, சேற்றுத் திட்டு எங்கே என்று நிறம் நிறமாகக் காட்டினால், கெட்டுப்போன இடத்தை மீட்க எங்கே கை வைப்பது என்று அலுவலகம் அதைப் பார்த்து முடிவு செய்யும். செய்யும் என்றுதான் அவளும் நம்பினாள்.

கோடை முழுக்க முழங்கால் சேற்றில் திரிந்து போட்ட படத்தை மேலதிகாரியின் மேசையில் விரித்தாள்.

"என்னம்மா, நடுவுல இவ்வளவு காலி இடம்?"

"காலி இடம் இல்ல சார், சேத்துத் திட்டு. தண்ணி வடிஞ்சா பறவைங்க இரை தேடுறதே அங்கதான். உள்ள பூரா நண்டு, புழு, சிப்பி."

"புழுவைக் காட்டி யாரும்மா கைதட்டுவாங்க? அங்க கன்னு நட்டுப் பச்சையாக்கிடுவோம்."

"அது பள்ளம் சார். ரொம்ப நேரம் தண்ணி நிக்கும். கன்னு மூச்சு முட்டிச் செத்துடும். மேட்டுப் பக்கம் நடலாம், ஏற்கெனவே மரம் இருந்த இடம்."

"அங்க வண்டி போகாது. நடவு விழாவுக்கு வர்ற விருந்தாளிங்க எப்படி வந்து பாப்பாங்க?"

செவிடன் காதில் ஊதிய சங்கு. பள்ளத்தில் கம்பு நட்டு, காவலுக்குச் சுற்றிலும் வலை கட்டி, கன்று வைத்தார்கள். மழைக்கு முன்பே எல்லாம் அழுகிச் சரிந்தன. கன்று சொத்தை என்று சொல்லி மறுபடி நட்டார்கள். அதுவும் போயிற்று. படத்தில் மட்டும் அந்த இடத்துக்குப் பச்சை அடிக்கச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றாள். பக்கத்து மேசைக்காரர் அடித்துக் கொடுத்துவிட்டார்.

பேருந்து ஓட்டுநரான கணவனிடம் பொரிந்து தள்ளினாள். "செத்த கன்னு கூடப் பரவாயில்லங்க. அந்த வலையை அப்படியே விட்டுட்டாங்க. காலு மாட்டி ரெண்டு பறவை செத்துக் கிடக்கு."

"எழுதிக் குடுத்தியா?"

"குடுத்தேன். கிணத்துல போட்ட கல்லு."

"அப்ப வா, நாமளே பிடுங்குவோம்."

விடுமுறை நாளில், கோடையில் அவளைக் கழிமுகத்துக்குக் கூட்டிப்போன படகுக்காரரையும் கூட்டிக்கொண்டு இறங்கினார்கள். வலை கட்டிய கம்பு லேசில் வரவில்லை. ஒன்றைப் பிடுங்கியதும் கணவன் மல்லாக்க விழுந்தான். "கியர் மாத்துறதே மேல்!" என்றான். அவளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பாதி கூட முடியவில்லை, கடல் ஏறத் தொடங்கிவிட்டது. மீதிக் கம்புகள் ஒவ்வொன்றாக முழுகுவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

மறுநாள் விளக்கம் கேட்டு ஓலை வந்தது: அலுவலகச் சொத்தை அகற்றியது ஏன்?

அந்தத் தாளைக் கொண்டுபோய் மேலதிகாரி முன்னால் வைத்தாள். "இன்னும் பாதி இருக்கு சார். அதையும் எடுத்துட்டு மொத்தமா பதில் எழுதுறேன்."

அவர் வாய் திறப்பதற்குள் வெளியே வந்துவிட்டாள். பிறகு கடல் அடுத்து எப்போது வற்றும் என்று படகுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டாள்.