மூன்று முனுசாமிகளும் ஷமீமாவும்

செவ்வாய்க்கிழமை காலை துறையின் வாட்ஸ்அப் குழுவில் சேதி வந்தது: ஷமீமா மாரடைப்பில் காலமானார். கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. அவற்றுக்கு நடுவிலேயே ஒருவர் கேட்டார்: “மேடத்தோட லேப்டாப் பாஸ்வேர்டு யாருக்காவது தெரியுமா?” எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அது ஆறும்வரை காத்திருந்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அவளை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. கோடம்பாக்கம் சினிமாத் தொழிலாளர்களின் வரலாற்றைக் கணினியில் தொகுக்கும் எங்கள் பல்கலைக்கழகத் திட்டத்தில் நான் பேராசிரியர், அவள் ஒப்பந்த ஊழியர். அடையாள அட்டைகள், படப்பிடிப்புச் சீட்டுகள், குழுப் புகைப்படங்கள் என்று வீடுவீடாக ஏறி இறங்கி வாங்கி, ஸ்கேன் செய்து, பட்டியலில் ஏற்றியவள் அவள். பட்டியலில் ‘கொடுத்தவர்’ என்றொரு பத்தி வைத்ததும் அவள்தான். எந்தக் காகிதம் யார் வீட்டுப் பரணிலிருந்து வந்தது என்பது அதில் இருக்கும்.

நான் அடித்த கூத்தை மறைக்கப் போவதில்லை. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே என்று, இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கும் நிரலை ஓட்டினேன். முனுசாமி என்ற லைட்மேன் ஒரே நாளில் மூன்று ஸ்டூடியோக்களில் வேலை பார்த்ததாகக் கணினி காட்டியது. நான் அதை வைத்து, உழைப்பை எப்படியெல்லாம் உறிஞ்சினார்கள் என்று கருத்தரங்கில் கட்டுரையே படித்துவிட்டேன். பலமாகக் கைதட்டினார்கள்.

ஷமீமா திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இன்னா புரொபசர், மூணு பேரைப் போட்டு ஒரே ஆளா அரைச்சு வெச்சுகீறே? கோடம்பாக்கத்துல போயி முனுசாமின்னு கூப்டு, பாதித் தெரு திரும்பும்!”

‘கொடுத்தவர்’ பத்தியைத் திறந்து காட்டினாள். மூன்று அட்டைகளும் மூன்று வீட்டிலிருந்து வந்தவை. ஒன்றைக் கொடுத்தது மனைவி, இன்னொன்றை மருமகள், மூன்றாவதை முனுசாமியே. அவர் உயிரோடு இருந்தார். என்னை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, “ஐயா, உங்களக் காணாம அடிச்சது இந்தம்மாதான்” என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. மறுநாளே கட்டுரையைத் திரும்பப் பெற்றேன்.

போன வருடம் இணையதளம் தயாரானபோது, அந்தப் பத்தி வாசகருக்குத் தேவையில்லாத குப்பை, எடுத்துவிடலாம் என்றது திட்டக் குழு. ஷமீமா எழுந்தாள். “குடுத்தவங்க பேரு குப்பைன்னா, அவங்க குடுத்ததும் குப்பைதான். வாங்க, எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டு வந்துடலாம்.” முடிவைத் தள்ளிவைத்தார்கள். தேனாம்பேட்டை பஸ்ஸுக்கு நின்றபோது அவள் என்னிடம் கேட்டாள்: “நீயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?” என் பதவி உயர்வு அப்போது அந்தக் குழுவின் கையில் இருந்தது. அதை அவளிடம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அந்தக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. பத்தியை நீக்கச் சம்மதித்து, வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்திட வேண்டுமாம். ஆள் போனதும் தடையும் போயிற்று என்று நினைத்துவிட்டார்கள்.

இணையதளத்தின் முகப்பில் எங்கள் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன, என்னுடையது இரண்டாவதாக. ஒப்பந்த ஊழியர்களுக்கு அங்கே இடமில்லை. தேடும் பெட்டியில் ஷமீமா என்று அடித்தேன். ஒரே ஓர் இடத்தில் வந்தது. ஸ்டூடியோவில் உடை தைத்த ஒரு தையல்காரரின் அடையாள அட்டை. கொடுத்தவர்: ஷமீமா, மகள். தன் அத்தா அங்கே வேலை பார்த்ததை இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பத்தியும், பஸ் நிறுத்தத்தில் கேட்ட அந்தக் கேள்வியும்தான். பத்தியை எடுக்க வேண்டுமென்றால் முகப்பிலிருந்து என் பெயரை முதலில் எடுக்கட்டும். அன்று நான் சொல்லாமல் விழுங்கிய அந்த ஒரு வார்த்தையை, கடிதத்தில் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்திலேயே எழுதி அனுப்பிவிட்டேன், ஷமீமா.

முடியாது.