வைரஸ் என்று நான் சொன்னது

கேரள எல்லையோரம் பாறசாலைப் பக்கத்தில் என்னைக் ‘கம்ப்யூட்டர் சார்’ என்பார்கள். உண்மையில் நான் கணக்கு வாத்தியார். எங்கள் பள்ளிக்கூடத்துக் கணினிகள் எல்லாம் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடுபவை. அதற்கான பயிற்சிக்கு ஒருவர் போகவேண்டும் என்று வந்தபோது மற்ற ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவ, நான் மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டவன் இரண்டே வருடத்தில் தலைகால் புரியாமல் ஆடத் தொடங்கினேன். யாராவது விண்டோஸ் கணினி மெதுவாக ஓடுகிறது என்று சொன்னால் போதும், கேட்காமலேயே அரைமணி நேரம் பேசுவேன். கேட்டவர்கள் பொறுமைசாலிகள்.

எங்கள் சபை பழைய மிஷன் காலத்துச் சபை. வீட்டிலும் ஆலயத்திலும் தமிழ். பள்ளிக்கூடம், ஆபீஸ், பஸ் எல்லாம் மலையாளம். நானே தமிழில் ஜெபிப்பேன், பாட்டுப் பாடுவேன், வேதம் வாசிப்பேன். ஆனால் கணினியில் ஒரு வரி தமிழ் தட்டியதில்லை. மலையாளத்தில் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவேன். இதை ஒரு குறையாக நான் அப்போது நினைக்கவில்லை. கணினி தெரிந்தவனுக்கு எந்த மொழியானால் என்ன என்ற எண்ணம்.

சபை ஆபீஸில் ஒரு பழைய விண்டோஸ் கணினி இருந்தது. அதில் சனிக்கிழமைதோறும் ஓர் அக்கா வந்து வேலை பார்ப்பார். ஐம்பதைத் தாண்டியவர். மற்ற நாட்களில் களியக்காவிளையில் ஒரு டிடிபி கடையில் கல்யாணக் கார்டும் நோட்டீசும் தமிழில் அடித்துக் கொடுப்பவர். சபையின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைக் கரையான் அரிக்கத் தொடங்கியபோது, அவர் தானாக முன்வந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுகிறேன் என்றார். அது அவருக்கு ஊழியம். இரண்டு வருடம் லென்ஸ் வைத்துப் பார்த்து ஏற்றினார். அடக்கப் பதிவேட்டின் கடைசிச் சில தாள்கள் அவர் அடித்து முடித்த கையோடு விரல் பட்டுப் பொடிந்துபோயின. அந்தத் தாள்களில் இருந்த பெயர்கள் பிறகு கணினியில் மட்டும்தான் இருந்தன. அது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கணினி அடிக்கடி நின்றுபோகிறது என்று சபைக் கமிட்டியில் பேச்சு வந்தபோது நான்தான் மூக்கை நுழைத்தேன். லினக்ஸ் போட்டால் வைரஸ் தொல்லையே இருக்காது என்றேன். கமிட்டிச் செயலாளர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். அவருக்கு என்மேல் நல்ல மதிப்பு. “மக்கா, நீ செய்தா சரியாத்தான் இருக்கும். அடுத்த சனியாழ்ச்சையே போடு” என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவோடு போனேன். முதலில் செய்யவேண்டியதைச் செய்தேன். அக்காவின் பைல்களை என்னுடைய ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்துக்கொண்டேன். பிறகு நிறுவத் தொடங்கினேன். கணினி பென்டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. செட்டிங்குக்குள் போய், பென்டிரைவிலிருந்து தொடங்கும்படி வரிசையை மாற்றி வைத்தேன். நிறுவி முடித்துத் திரும்ப ஓட்டினால் திரை முழுக்கக் கறுப்பு. கிராபிக்ஸ் கார்டின் கோளாறு அது, பள்ளிக்கூடத்தில் பலமுறை பார்த்தது. தொடங்கும் கட்டளையில் ஒரு வார்த்தை சேர்த்துக் கொடுத்ததும் படம் வந்தது. வைஃபை பிடிக்கவில்லை. என் போனைக் கம்பியில் மாட்டி, அதன் இணையத்திலிருந்து டிரைவரை இறக்கினேன். பிரிண்டர் மட்டும் ஒரு மணிநேரம் முரண்டு பிடித்தது. ஒவ்வொன்றும் சரியாகும்போது, கதவருகே நின்ற கமிட்டிக்காரர்களைத் திரும்பிப் பார்ப்பேன். அவர்கள் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்காகவே இன்னும் நாலு கோளாறு வரட்டும் என்று இருந்தது.

அக்காவின் பைல்களைத் திரும்பக் கணினியில் போட்டு வைத்தேன். மத்தியானம் அக்கா வந்து உட்கார்ந்தார். பைலைத் திறந்தார். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கோடும் அடைப்புக்குறியும் கலந்த குப்பை பக்கம் பக்கமாக வந்தது. ஒரு தமிழ் எழுத்து இல்லை. அடுத்த பைல், அதற்கடுத்த பைல், எல்லாம் அப்படியே.

“சாரே, இது என்னது?” என்றார்.

நான் பிரவுசரைத் திறந்து ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். தமிழ் தெளிவாகத் தெரிந்தது. மலையாளமும் தெரிந்தது. அப்படியானால் கணினியில் குறையில்லை, பைலில்தான் குறை. என் மூளை அத்தனை வேகமாக அந்த முடிவுக்குப் போனதற்குக் காரணம், கதவருகே ஆட்கள் நின்றதுதான். தனியாக இருந்திருந்தால் ஒரு நிமிடம் யோசித்திருப்பேன்.

“அக்கா, கடையில இருந்து பென்டிரைவ் கொண்டுவருவீங்க இல்லியா?” என்று கேட்டேன்.

“ஆமா சாரே. அங்கயும் பென்டிரைவிலயே கொஞ்சம் அடிப்பேன். இங்கயும் அடிப்பேன்.”

“அதுதான். வைரஸ் கேறியிருக்கு. பைல் எல்லாத்தையும் தின்னுட்டு.”

அக்கா முகம் வெளிறிவிட்டது. “நான் ஏதும் தப்பாட்டு செய்தேனா?” என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் பென்டிரைவை வாங்கி எல்லோர் முன்னாலும் அழித்துக் காட்டினேன். கணினியில் போட்ட பைல்களையும் அழித்தேன். ஒரு மருத்துவர் கை கழுவுகிற மாதிரி அதைச் செய்தேன். செயலாளர், “நீ காலம்பற காப்பி எடுத்தியே, அது?” என்று கேட்டார். “அதுலயும் வைரஸ்தான் இருக்கும்” என்றேன். திறந்து பார்க்காமலே சொன்னேன்.

செயலாளருக்குக் கோபம் என்மேல் வரவில்லை. அக்காவைப் பார்த்து, “மண்ணுக்குள்ள போனவங்களுக்க பேரக்கூட பத்திரமாட்டு வைக்க ஒனக்கு முடியல்லியே” என்றார். அக்கா முந்தானையால் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

வெளியிலிருந்து எந்தப் பென்டிரைவும் ஆபீசுக்குள் வரக்கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள். அதை மொழிந்தவன் நான். பதிவேட்டை முதலிலிருந்து அடிக்கவேண்டும் என்றும் முடிவானது. புதிய கணினியில் தமிழ் தட்டும் முறை வேறு. அக்காவின் விரலுக்குப் பழகியது பழைய டைப்ரைட்டர் முறை. நான் பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார்.

பொடிந்துபோன தாள்களுக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? வீடு வீடாக நடந்தார். கல்லறைத் தோட்டத்தில் கல்லில் இருந்ததைக் குறித்துக்கொண்டார். கல் இல்லாத பிரேதங்கள்தான் அதிகம். அவர்களுடைய மக்கள் காஞ்சிரங்குளத்திலும் காட்டாக்கடையிலும் குடியேறியிருந்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி அங்கெல்லாம் போய், “ஒங்க அப்பாவுக்க அப்பா எந்த மாசம் மரிச்சாரு?” என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வந்தார். சிலர் காபி கொடுத்துச் சொன்னார்கள். சிலர், “நீங்கதானே தொலைச்சது, இப்ப எங்ககிட்ட கேக்க வாறியளா?” என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அவர் சொல்லி அல்ல. காட்டாக்கடையில் இருக்கும் என் மாமியார் வீட்டிலேயே அப்படித்தான் நிறுத்தினார்களாம். மனைவி வந்து சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அவங்களும் கொஞ்சம் கவனிச்சிருக்கணும்” என்றேன்.

இப்படி ஐந்து மாதம் போனது.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூட லாபில் இருந்தேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கான மாதிரித் தேர்வுத் தாள் ஒன்று மெயிலில் வந்திருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கோடும். அக்காவின் பைலில் பார்த்த அதே குப்பை. அனுப்பிய தமிழாசிரியைக்குப் போன் போட்டு, டீச்சர், உங்கள் பைலில் வைரஸ் என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

“வைரஸும் இல்ல ஒண்ணும் இல்ல சாரே. அது பழைய ஃபாண்டாக்கும். ஒங்க சிஸ்டத்துல அந்த ஃபாண்ட் இல்ல, அதான் தமிழ் எழுத்து இங்கிலீஷ் எழுத்தாட்டு தெரியுது. நான் அனுப்பித் தாறேன், போட்டுப் பாருங்க.”

நாலைந்து ஃபாண்ட் அனுப்பினார். ஒரு போல்டரில் போட்டேன். ஒரு கட்டளை கொடுத்தேன். பைலை மூடித் திறந்தேன். ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்று தமிழில் நின்றது. மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

என் ஹார்ட் டிஸ்க் அதே மேசையின் டிராயரில் கிடந்தது. ஐந்து மாதமாக அதை நான் தொடவில்லை. மாட்டினேன். அக்காவின் அடக்கப் பதிவேட்டைத் திறந்தேன். பெயர், தகப்பன் பெயர், வயது, மரித்த தேதி, அடக்கம் செய்த போதகர். வரிசையாக, பிழையில்லாமல், கட்டம் போட்டு, எல்லாரும் இருந்தார்கள். மேலே ஃபாண்டின் பெயர் எழுதும் சின்னக் கட்டத்தில் அந்த ஃபாண்டின் பெயர் இருந்தது. அன்றைக்கும் அது அங்கேயேதான் இருந்திருக்கும். ஃபாண்ட் இல்லாவிட்டால் பெயரைச் சாய்வாகக் காட்டும் என்பது, பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுக்கிற பாடம். குப்பை என்று நான் சொன்னதில் வந்த ஒவ்வொரு அரைப்புள்ளியும் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி. தமிழ் தட்டத் தெரிந்த எவரும் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் கண்டுபிடித்திருப்பார். அக்காவும் கண்டுபிடித்திருப்பார். நான்தான் அந்த ஒரு நிமிடத்தை அவருக்குக் கொடுக்கவில்லை.

வெட்கம் என்றால் முகம் சிவப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு அன்று குமட்டிக்கொண்டு வந்தது. லாபைப் பூட்டிவிட்டு, பிள்ளைகள் கை கழுவும் குழாயடியில் போய் நின்றேன்.

வெள்ளிக்கிழமை செயலாளருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதுதான் எண்ணம். “பதிவேடு கிட்டிச்சு. முழுசும் உண்டு” என்றேன். மறுமுனையில் ஒரு சத்தம், அழுகையா சிரிப்பா தெரியவில்லை. “எப்பிடி மக்கா கிட்டிச்சு?” என்றார். அங்கேதான் சொல்லியிருக்கவேண்டும். அது எப்போதும் நல்லாத்தான் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை என்று. என் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வார்த்தை. “ரெக்கவர் செய்தேன்.”

ஐந்து நிமிடத்தில் சபையின் வாட்ஸாப் குழுவில் வந்துவிட்டது. கைகூப்பும் படங்களும் பூங்கொத்துகளும் குவிந்தன. என் மனைவி அதை வாசித்துவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அவளிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் சொல்லிவிடலாம், அதுதான் முறை, அங்கேதானே அக்காவின் பெயர் கெட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் சபையில் மாதக் கடைசி ஞாயிறு சாட்சி நேரம் உண்டு. கர்த்தர் செய்த நன்மையையோ தன் குற்றத்தையோ யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். சொல்லவேண்டியதை ஒரு தாளில் ஏழு வரியாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஏழு வரியிலும் சுற்றி வளைக்கவில்லை. பொய் சொன்னேன் என்றே எழுதியிருந்தேன்.

போதகர், “சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம்” என்றார். நான் முன் பெஞ்சின் முதுகைப் பிடித்து எழும்பப் போனேன். பெண்கள் பக்கத்தில் அக்கா எனக்கு முந்தி எழும்பிவிட்டார்.

அவர் மைக்குக்கு வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று பேசினார். “எனக்க கவனக்குறைவால நம்ம சபைக்க பதிவேடு போச்சு. மரிச்சுப்போனவங்களுக்க பேரு எனக்க கையால அழிஞ்சுதேன்னு அஞ்சு மாசமாட்டு எனக்கு ஒறக்கம் இல்ல. ஒங்க வீட்டு வாசல்ல எல்லாம் வந்து தொந்தரவு செய்தேன். கர்த்தர் நம்ம சாரைக் கொண்டு எல்லாத்தையும் திருப்பித் தந்திட்டாரு. நான் இனி அந்தப் பெட்டியத் தொட மாட்டேன். எனக்கு அதுக்கு உள்ள யோக்கியதை இல்ல. சபையார் என்னை மன்னிக்கணும்.”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அந்தக் கையை நான் பார்த்தேன். ஆலயம் முழுக்க என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பாதி எழும்பிய நிலையில் இருந்ததால், ஏதோ பதில் மரியாதைக்கு எழும்புகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பக்கத்திலிருந்த செயலாளர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். தாள் பையில்தான் இருந்தது. எடுத்து வாசிக்க ஒரு நிமிடம் போதும்.

நான் கைகூப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

போதகர் சபையைப் பார்த்து, “நம்முடைய சகோதரியை நாம் மன்னிக்கிறோமா?” என்று கேட்டார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.