குச்சு கட்டப் போனவர்

மதகடிப்பட்டில் பேருந்து ஏறினார் அவர். ஒரு கையில் முடைந்த பச்சைத் தென்னங்கீற்றுக் கட்டு, இன்னொரு கையில் புதுக் கோரைப்பாய். கறுத்த, ஒல்லியான உடம்பு. சட்டை மட்டும் அன்றுதான் பிரித்த மாதிரி மடிப்போடு இருந்தது.

கீற்றைப் பின்வாசல் பக்கம் சாய்த்துவிட்டு என் அருகே உட்கார்ந்தார். அடிக்கடி எழுந்து போய்ப் பாட்டில் தண்ணீரைக் கீற்றின் மேல் தெளித்தார். அந்த வெயிலிலும் தான் ஒரு வாய் குடிக்கவில்லை.

"பந்தலுக்குங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. அக்கா பொண்ணு வயசுக்கு வந்துடுச்சி. உக்கார வெக்க குச்சு கட்டணும். தாய்மாமன் நான்தான்."

"வீட்டுல தனி ரூம் இல்லியா?"

"மாடி வூடுங்க. ரூமுக்கு இன்னா கொற? ஆனா குச்சு நான் கட்டணும்ல."

"எப்ப வரச் சொன்னாங்க?"

"சொல்லலீங்க. நெலத் தகராறுல பேச்சு வார்த்தையே இல்ல. சேதி கூட ஊர்க்காரங்க சொல்லித்தான் தெரியும்."

தயங்கித்தான் கேட்டேன்: "அதுக்குள்ள வேற யாராச்சும் கட்டிட்டிருந்தா?"

"எங்க அக்கா வுடாது."

வில்லியனூரில் இறங்கினார். கீற்றை எடுத்துக் கீழே கொடுத்தேன். வாங்கியவர் ஓலையைத் தடவிப் பார்த்து, "வாடல இல்லீங்க?" என்றார்.

"இல்ல" என்றேன்.

சடங்கு முடிந்ததும் குச்சைப் பிரித்து எரித்துவிடுவார்கள். தேடிப் போனாலும் கட்டினாரா என்று தெரியாது. ஆனாலும் வில்லியனூரைக் கடக்கும்போதெல்லாம் என் கண் மாடி வீடுகளின் வாசலுக்குத்தான் போகிறது.