வெடிக்கும், ஆனால் வெடிக்காது

எங்கள் கிணற்றில் பாதி எனக்கு, பாதி பக்கத்து வீட்டு அக்காவுக்கு. பங்குக் கிணறு என்றால் கயிறு மாற்றுவதற்கும் இருவர் சம்மதம் வேண்டும். இந்த வருடம் வாளி அடியிலுள்ள கல்லில் இடிக்கத் தொடங்கியது. ஆழமாக்காவிட்டால் இரண்டு வீடும் தண்ணீர் பவுசர் வண்டிக்குக் காத்து நிற்க வேண்டியதுதான்.

வெடிமருந்து வைக்கக் கூடாது என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் சுன்னாகத்திலிருந்து கல்லுடைப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். கிணற்றை இறைத்து, அடியிலுள்ள கல்லில் வரிசையாகத் துளை போட்டு, ஒருவகை மாவைக் குழைத்து ஊற்றுவாராம். அது இறுகும்போது வீங்கிக் கல்லை நெருக்குமாம். அக்கா சம்மதித்தார். துளைகளும் போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து அந்த மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இதை ஊத்தினால் நாளைக்குக் கல்லு வெடிச்சிடும்" என்றார்.

அக்காவின் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும். பத்து நிமிடத்தில் காணி உறுதி, அடையாள அட்டை, நகை எல்லாம் அடங்கிய பையோடு சாவகச்சேரித் தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். எங்கள் ஊரில் அந்தப் பையை யாரும் தேடிப் பொறுக்குவதில்லை. போர்க்காலத்திலிருந்து எப்போதும் கட்டியே இருக்கும். பங்காளி இல்லாமல் கிணற்றில் கை வைக்கமாட்டேன் என்று கல்லுடைப்பவர் குந்திவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சைக்கிளை மிதித்துப் பஸ் தரிப்பில் அக்காவைப் பிடித்தேன்.

"வெடிக்கும் அக்கா. ஆனால் வெடிக்காது" என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். நிலத்தில் ஈர்க்குச்சியால் கீறி விளக்கினேன். ஒரு துளையிலிருந்து மயிர் போல ஒரு வெடிப்புக் கோடு கிளம்பும், அடுத்ததிலிருந்து இன்னொன்று வரும், நெருக்கம் கூடக்கூட இரண்டும் நீண்டு தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். பஸ் போய்விட்டது. அக்கா போகவில்லை. அன்று பின்னேரமே முதல் வரிசைக்கு ஊற்றினோம்.

மறுநாள் மத்தியானம் கிணற்றுக்கட்டில் குனிந்து நின்றோம். கோடுகள் நீண்டிருந்தன. இரண்டு கோடுகள் நேராகச் சந்திக்காமல், கண்டும் காணாததுபோல ஒன்றையொன்று தாண்டிப் போய், பிறகு வளைந்து வந்து சேர்ந்திருந்தன. முன்பு வந்த ஒரு வேலிச் சண்டைக்குப் பிறகு எங்கள் இரண்டு வீடும் மறுபடி கதைக்கத் தொடங்கியதும் அப்படித்தான்.

அப்போது அடியில் "டக்" என்று ஒரு சின்னச் சத்தம். நான் நாலடி பின்னால் பாய்ந்துவிட்டேன். அக்கா அசையவில்லை. என் சட்டைக்குள்ளிருந்து விழுந்த பொலித்தீன் பையைக் குனிந்து எடுத்தார். உள்ளே என் காணி உறுதி.

"வெடிக்காதெண்டு சொன்ன ஆளுக்கு உது என்னத்துக்குத் தம்பி?"

வெட்கமாக இருந்தது. எனக்கும் பயம்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

அக்கா மிச்சத் துளைகளுக்கும் ஊற்றச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உனக்கும் பயமெண்டு நேற்றே சொல்லியிருந்தால் நான் பஸ்சுக்குப் போயிருக்கமாட்டன்."